வெள்ளணுக்கள் சிப்பாய்களா?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஓர் அறிவியல் கூட்டம். "நோயை உடல் எப்படி எதிர்க்கிறது?" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவன். உயிரியல் என் பாடமன்று. ஆகவே, பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பல்லாண்டுகளாக வழங்கி வரும் விளக்கத்தையே நானும் சொன்னேன். உடல் ஒரு கோட்டை, தோல் அதன் மதில், வெள்ளணுக்கள் சிப்பாய்கள், கிருமிகள் பகைவர். பகைவரைக் கண்டதும் சிப்பாய்கள் பாய்ந்து சென்று கொன்று விடுவார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். அவருடைய இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.

"வாத்தியாரே, அத்தினி சிப்பாயி உள்ளயே இருந்தாங்கன்னா, எங் கண்ணு ஏன் போச்சு?" என்று கேட்டார்.

விவரம் கேட்டேன். சமவெளியில் கரும்புக்குச் சோகை உரிக்கக் கூலிக்குப் போனவர் அவர். சோகையின் விளிம்பு கண்ணில் கீறிவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு நாளில் கண் சிவந்து நீர் வடிந்தது. கடையில் சொல்லி ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். "செவப்பு வாங்கிடுச்சு. சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன்" என்றார். அடுத்த வாரம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றிப் பெரிதாயிற்று. பெரிய ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது காளான் கிருமியால் வந்த புண் என்றும், அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்றும், காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னார்களாம். புண் ஆறிற்று, பார்வை திரும்பவில்லை.

"ஐயா, இதற்கு இப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று கூறிவிட்டு மலையிறங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பெரியவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன உவமைதான் அதற்கு முன் நிற்க முடியாமல் விழுந்தது. அந்த உவமையை இங்கே சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். வாசகர்களுள் பலரும் ஆசிரியர்கள். நாளை நீங்களும் அதே உவமையைச் சொல்லக்கூடும்.

உவமை பிறந்த கதை

இந்த உவமையை யாரும் விளையாட்டாகக் கட்டிவிடவில்லை. ருஷ்ய விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகாவ் 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற இளவுயிரிக்குள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூடியிருந்தன. அடுத்து அவர் எடுத்துக்கொண்டது குளத்து நீரில் துள்ளும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர். ஒருவகை ஈஸ்ட்டின் ஊசி போன்ற வித்துகள் அதன் குடலைத் துளைத்து உள்ளே நுழைவதையும், விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து செரித்து விடுவதையும் நுண்ணோக்கியில் நேரே கண்டார். 1884-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'போராட்டம்' என்ற சொல் இருந்தது.

இங்கே கவனியுங்கள்: ஈஸ்ட் காளான் இனத்தைச் சேர்ந்தது. ஆக, வெள்ளணுவின் வேலையை மனிதன் முதன்முதலில் ஒரு நோயில் வைத்துப் பார்த்ததே காளான் நோயில்தான்!

அக்காலத்தில் மருத்துவ அறிஞர் பலர், வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்றே எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றப் போர் உவமை பெரிதும் உதவிற்று. 1908-இல் மெச்னிகாவுக்கும் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞருக்கும் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. உவமை தன் காலத்தில் தன் கடமையைச் செய்தது. அதை மறுக்கக் கூடாது.

ஆனால், அது விடை கூறாத ஒரு கேள்வி உண்டு. சிப்பாய் பகைவனைச் சீருடையால் அறிகிறான். கண்ணும் காதும் இல்லாத அணு எதைக் கொண்டு அறிகிறது?

ஏற்பி தொட்டறிவது எதை?

காளான்களைப் பொறுத்தவரை இக்கேள்வி மேலும் கடினமானது. பாக்டீரியாக்கள் நம் அணுக்களினின்று பெரிதும் வேறுபட்டவை. காளான்களோ அணு அமைப்பில் நமக்கு உறவுக்காரர்கள். தாவரங்களைக் காட்டிலும் விலங்குகளுக்கே நெருங்கியவை. வேறுபாடு முக்கியமாக வெளிச்சுவரில் இருக்கிறது. நம் அணுவுக்குக் கெட்டியான சுவர் இல்லை, காளானுக்கு உண்டு.

அந்தச் சுவரின் பெரும்பகுதி சர்க்கரையால் ஆனது என்றால் வியப்பாக இருக்கும். கரும்பு வயலிலேயே நின்று பார்ப்போம். கரும்புத் தாளுக்கு உறுதி தரும் செல்லுலோஸ், குளூக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கின் மாவுப்பொருளும் குளூக்கோஸ் சங்கிலிதான். நம் கல்லீரலில் சேமிக்கப்படும் கிளைக்கோஜனும் அதுவே. காளான் சுவரிலுள்ள பீட்டா குளூக்கானும் அதுவே! மணி ஒன்றுதான், கோக்கும் துளை வேறு. மாவுப்பொருளிலும் கிளைக்கோஜனிலும் முக்கிய இணைப்பு ஆல்ஃபா-1,4 வகை, செல்லுலோஸில் பீட்டா-1,4, காளான் சுவரில் பீட்டா-1,3. இந்தக் கடைசி இணைப்பை மனித உடல் ஒருபோதும் செய்வதில்லை.

உடல் செய்யாத வடிவம் ஒன்று உடலுக்குள் தென்பட்டால் அது வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இத்தகைய பொது வடிவங்களை அறியும் ஏற்பிகள் பிறவியிலேயே நம் அணுக்களில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஜேன்வே 1989-இல் கூறினார். 1996-இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூனோ லெமெத்ரும் பழ ஈக்களில் சான்று கண்டார்கள். 'டோல்' என்னும் மரபணு பழுதான ஈக்கள் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற காளானால் தாக்குண்டு, உடல் முழுதும் காளான் இழை போர்த்தி மடிந்தன. இப்பணிக்காக ஹாஃப்மன் 2011-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். பீட்டா குளூக்கானை நேராகப் பற்றும் ஏற்பி 'டெக்டின்-1' என்பதை 2001-இல் இங்கிலாந்தில் கார்டன் பிரவுனும் சயமன் கார்டனும் வெளியிட்டார்கள்.

இப்போது சிப்பாய் உவமையை இதனருகில் வைத்துப் பாருங்கள். மழைக்குப் பின் புற்றடியில் முளைக்கும் காளானைப் பறித்து வந்து மலைமக்கள் குழம்பு வைக்கிறார்கள். அதன் சுவரிலும் இதே பீட்டா குளூக்கான் உண்டு. டெக்டின்-1 ஏற்பிக்கு அது நல்ல காளானா கெட்ட காளானா என்பது தெரியாது. அது அறிவது ஒரு வடிவத்தை, பகைவனை அன்று. 'பகைவன்' என்பது நாம் பிறகு ஒட்டும் பெயர்.

சாவி பொருந்தியும் திறக்காத பூட்டு

"சரி, சிப்பாய் வேண்டாம், பூட்டும் சாவியும் என்று சொல்லலாமே" என்று நீங்கள் கூறலாம். நம் பாடநூல்களுக்குப் பழக்கமான உவமைதான். எமில் ஃபிஷர் 1894-இல் நொதிகளைப் பற்றிச் சொன்னது. அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

2011-இல் அமெரிக்காவில் ஹெலன் குட்ரிட்ஜ், டேவிட் அண்டர்ஹில் ஆகியோரின் குழு ஒரு விந்தையைக் காட்டிற்று. பீட்டா குளூக்கானை நீரில் கரைத்து விழுங்கணுக்களுக்குக் கொடுத்தால் அது டெக்டின்-1 ஏற்பியில் சென்று பொருந்துகிறது. ஆனால் அணு எழுச்சி கொள்வதில்லை. அதே குளூக்கான் ஒரு துகளின் பரப்பில் நிலையாக இருந்தால், அணு உடனே துடித்தெழுகிறது. சாவி ஒன்றுதான், பூட்டும் ஒன்றுதான். ஒரு முறை திறக்கிறது, மறுமுறை திறக்கவில்லை. ஏன்?

காரணம் பரப்பில் இருக்கிறது. அணுவின் மேற்பரப்பில் ஏற்பிகளுக்கு இடையே, அவற்றின் சைகையை அழித்துக்கொண்டே இருக்கும் வேறு சில புரதங்களும் உலவுகின்றன. கரைந்த குளூக்கான் தனித்தனியாக வந்து ஒட்டும்போது இவை அருகிலேயே இருந்து சைகையை அணைத்து விடுகின்றன. கெட்டியான காளான் சுவர் அணுவின்மீது அழுந்தும்போதோ, பல ஏற்பிகள் நெருங்கிக் கூட, அணைக்கும் புரதங்கள் அந்த இடத்திலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. அப்போதுதான் சைகை நிலைக்கிறது. அது உள்ளே 'சிக்', 'கார்டு-9' என்னும் புரதங்கள் வழியாக அணுக்கரு வரை சென்று, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. அவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை இரத்தத்திலிருந்து வரவழைக்கின்றன.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதைப் படிக்கும்போது மகிழ்ச்சி உண்டாகாமல் இருக்குமா? கரைந்த மூலக்கூறா, கெட்டியான காளானா என்பதை அணு தொடுபரப்பைக் கொண்டு முடிவு செய்கிறது! தொலைவில் மிதக்கும் துணுக்குக்காக வீணே எழாதே. உயிருள்ள சுவர் உன்மேல் அழுந்தும்போது எழு. இதுவே அதன் நெறி.

எழாமல் இருப்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் உடல் வீங்கி எழுந்தால் நுரையீரல் என்னாவது? உறங்கும் வித்தின் மேல் ஒரு புரதப் போர்வை இருந்து குளூக்கானை மறைத்திருப்பதாக விஷுகுமார் ஐமனியாந்தாவும் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தாரும் 2009-இல் காட்டினார்கள். வித்து முளைக்கத் தொடங்கிப் போர்வை கிழிந்த பின்னரே ஏற்பிக்கு வேலை வருகிறது.

மதுரையில் கண்டவை

இனிப் பெரியவரின் கண்ணுக்கு வருவோம். காளானால் வரும் கருவிழிப் புண்ணைப் பற்றி உலகம் அறிந்துள்ளவற்றில் ஒரு நல்ல பங்கு நம் மாநிலத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கற்றறியப்பட்டது. மதுரை மாவட்டத்தில் 1993-இல் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ 11 பேர் வீதம் கருவிழிப் புண் கண்டது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் கண்ட கணக்கைப்போல் இது பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் அங்கு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவற்றில் ஏறக்குறையப் பாதியில் காளான் இருந்தது. முதலிடம் ஃபியூசேரியம், அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். இரண்டும் மண்ணிலும் பயிர்க் கழிவிலும் வாழ்பவை. நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் கள்ளக்குறிச்சிச் சீமையிலும், சாமையடிக்கும் மலைக் களங்களிலும் இவற்றுக்கு என்ன குறை?

2011-இல் மதுரை மருத்துவர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு நம் கேள்விக்கு நேராக விடை தருகிறது. இவ்விரு காளான்களால் புண் கண்ட 110 நோயாளிகளிடம், நோய் தொடங்கிய முதல் வாரத்திலேயே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். டெக்டின்-1 ஏற்பியும் டோல் வகை ஏற்பிகளும் நலமான கருவிழியில் இருப்பதைவிட மிகப் பன்மடங்கு பெருகியிருந்தன. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களும் அப்படியே. வந்து குவிந்திருந்த அணுக்களில் மிகப் பெரும்பாலானவை நியூட்ரோஃபில்கள்.

அதாவது, சிப்பாய்கள் வரவில்லை என்பதன்று. வந்தார்கள், ஏராளமாக வந்தார்கள். கண் போனதில் அவர்களுக்கும் பங்குண்டு.

எப்படி? கருவிழி அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு படலம். அதில் இரத்தக் குழாய் கிடையாது. கொல்லாஜன் என்னும் புரத இழைகள், ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பருமனுடன், ஏறத்தாழச் சம இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இழையும் சிதறடிக்கும் ஒளி, இந்த ஒழுங்கினால் பக்கவாட்டுத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. நேரே செல்லும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. கருவிழி கண்ணாடி போலிருப்பதன் இரகசியம் இதுதான். நியூட்ரோஃபில்கள் காளானைக் கொல்ல வெளியிடும் நொதிகள் இந்த இழைகளையும் அரிக்கின்றன. புண் ஆறும்போது புதிய இழைகள் தாறுமாறாகப் பின்னப்படுகின்றன. ஒழுங்கு போயிற்று, ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது. 'கண்ணில் பூ விழுந்தது' என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான்.

'சக்தி' என்னும் சொல்

இவ்வளவும் அறிந்த பின் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்கிறோம். சக்தி என்றால் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் தானே வந்துவிடும். வகுப்பில் நாங்கள் ஆற்றலுக்கு 'ஜூல்' என்று அலகு சொல்கிறோம். எதிர்ப்புச் சக்திக்கு அலகு என்ன? எந்தக் கருவியில் அளப்பது? ஒற்றை எண்ணாக அளக்கக்கூடிய பொருள் அன்று அது. நூற்றுக்கணக்கான ஏற்பிகளும் சைகைகளும் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் நிற்கும் ஒரு சமநிலை. ஆனாலும் 'சக்தியைக் கூட்டும்' என்று அச்சிட்ட புட்டிகள் கடைதோறும் அடுக்கப்பட்டுள்ளன. அந்த வியாபாரத்துக்கு நம் சொல்லே விளம்பரம் செய்து கொடுக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்குச் 'சக்தி' என்ற பொருளே இல்லை. வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விலக்குப் பெற்றவன் என்றே பொருள். நம் கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி' என்ற சொல் அதற்கு மிக நெருங்கியது. மேல்வகுப்புப் பாடநூல்களில் 'நோய்த் தடைக்காப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. காப்பு அளவோடு இருக்க வேண்டும் என்பதை அச்சொல் தடுப்பதில்லை. அதையே நாம் பரப்பலாம்.

அமெரிக்க அறிஞர்களான அர்துரோ கசடெவாலும் லீஸ்-ஆன் பிரோஃப்ஸ்கியும் 1999-இல் இதை ஒரு வரைபடமாகவே தந்தார்கள். கிடை அச்சில் உடலின் எழுச்சி. நிலை அச்சில் உடலுக்கு நேரும் கேடு. கிடைப்பது பரவளையம் போன்ற கோடு. எழுச்சி மிகக் குறைந்தாலும் கேடு. மிக மிஞ்சினாலும் கேடு. நடுவில் ஒரு தாழ்ந்த புள்ளி. இடது கைப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? 2021-இல் கொரோனாவின் பின்னே வந்த 'கருப்புப் பூஞ்சை' நோயை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கண்டது. கட்டுக்கடங்காத நீரிழிவும் மிகுதியாகத் தந்த ஸ்டீராய்டு மருந்தும் வெள்ளணுக்களின் எழுச்சியை ஒடுக்கிவிட்டிருந்தன. அந்தக் காளான் கருப்பும் அன்று. அது இரத்தக் குழாயை அடைத்ததால் மடிந்த தசைதான் கருத்தது. அங்கும் ஒரு பெயர் நம்மைத் தவறான இடத்தில் பார்க்க வைத்தது.

பெரியவருக்கு விடை

சென்ற மாதம் மீண்டும் மலையேறினேன். பெரியவரிடம் சொன்னேன்:

"ஐயா, சோகை கீறியபோது காளான் வித்து கருவிழிக்குள் போயிற்று. உங்கள் அணுக்கள் அதைத் தொட்டறிந்து எழுந்தன. அதுதான் அந்தச் சிவப்பு. நீங்கள் போட்ட மருந்தில் இருந்த ஸ்டீராய்டு அந்த எழுச்சியை அடக்கிற்று; காளானை ஒன்றும் செய்யவில்லை. சிவப்பு மறைந்த அந்த நாட்களில் காளான் தடையின்றி வளர்ந்தது. பிறகு அணுக்கள் எழுந்தபோது காளானும் மிகுதி, எழுச்சியும் மிகுதி. இரண்டும் சேர்ந்து கருவிழியை அரித்துவிட்டன."

அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "அப்போ, செவப்பு வாங்குனது நல்லதுக்கு இல்ல" என்றார். ஆம், அதுதான் செய்தி. சிப்பாய் உவமையிலிருந்து இந்த ஒரு வரியைப் பெறவே முடியாது. அந்த உவமையில் சிவப்பு குறைந்தால் வெற்றி என்றே பொருள் வரும். உவமையின் குற்றத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் அதுவே.

வேறு உவமை வேண்டுமென்றால், கோமுகி அணையின் மதகைச் சொல்வேன். திறக்காவிட்டால் பயிர் காயும். கண்மூடித்தனமாகத் திறந்தால் வரப்பு உடையும். எப்போது, எவ்வளவு, எதுவரை என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. இதிலும் ஒரு குறை உண்டு: மதகைத் திறக்க ஓர் ஆள் இருக்கிறார், உடலில் அப்படி யாரும் இல்லை. எந்த உவமையையும் சொல்லும்போது, அது எங்கே முறிகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது ஆசிரியரின் கடமை.

இறுதியாக, வயல்வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கண்ணில் தாளோ உமியோ பட்டால் கசக்க வேண்டாம். கடைச் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் காளான் இழை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதற்கென நாட்டாமைசின் என்னும் மருந்து இருக்கிறது. ஃபியூசேரியம் புண்ணுக்கு அது புதிய மருந்தாகிய வோரிகோனசோலைவிட மேலானது என்பது அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. முதலில் காளானை ஒழிக்க வேண்டும்; எழுச்சியைத் தணிப்பதைப் பற்றி மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரியவரின் பேரன் அடுத்த வாரம் கரும்பு வெட்டப் போவதாகச் சொன்னான். அவனுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.